சொத்தைப் பல்

நிறைமதிக்குச் சர்க்கரை நோய் இருப்பது இந்த உலகத்தில் ஐந்தே பேருக்குத்தான் தெரியும். அவளுக்கு, அவள் அம்மா கயல்விழிக்கு, அப்பா மணவாளனுக்கு, கடலூர் டாக்டருக்கு, நாலாம் வகுப்பு டீச்சருக்கு. குடியிருப்பது சிதம்பரத்தில். அங்கே டாக்டருக்கா பஞ்சம்? ஆனால் சிதம்பரத்தில் எந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் உட்கார்ந்திருப்பார். அதனால் மாதம் ஒருமுறை, "கடலூருக்குத் துணி எடுக்கப் போறோம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். சொன்ன துணியையெல்லாம் எடுத்திருந்தால் இந்நேரம் ஒரு ஜவுளிக்கடையே வைத்திருக்கலாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கயல்விழி இரண்டு வருஷமாக மறைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் கழிவறையில் வைத்துப் போடுவாள். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று போய், அங்கேயும் ஊசி போட்டுவிட்டு வருவாள். பார்ப்பவர்கள், "இப்படி ஒரு பாசமா!" என்று மூக்கில் விரலை வைத்தார்கள். யாராவது குழந்தைக்கு இனிப்பை நீட்டினால், "பல்லு சொத்தை, டாக்டர் வேணாம்னுட்டாரு" என்று தடுத்துவிடுவாள். நிறைமதிக்கும் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் உடம்பு படபடவென்று வந்து, சர்க்கரை இறங்குகிற மாதிரி இருந்தால், வாய்விட்டுச் சொல்லக்கூடாது. "அம்மா, பல்லு வலிக்குது" என்று சொன்னால் போதும். அம்மா புரிந்துகொள்வாள்.

இத்தனை மறைப்பும் யாருக்காக என்றால், முக்கியமாக ஒரே ஒருத்திக்காக. மணவாளனின் அக்கா தமிழ்ச்செல்வி. பெண்ணாடத்தில் வாக்கப்பட்டவள். நிறைமதி பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரித் தொட்டிலுக்குள் குனிந்து, "என் மருமவளே!" என்று கூப்பிட்டவள். அவளுக்கு ஒரே பையன், இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒன்பது வயசுக் குழந்தைக்குக் கல்யாணக் கணக்கா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ஒரு பெண் குழந்தையைப் பெற்று, அதற்கு நாலு வேளை ஊசி போட்டு, இதை நாளைக்கு யார் கையில் பிடித்துக் கொடுப்பது என்று ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தவளிடம் கேட்காதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச்செல்வியும் அவள் புருஷன் கார்த்திகேசனும் சிதம்பரம் வந்திருந்தார்கள். காலையில் கோயிலில் அர்ச்சனை. மத்தியானம் ஓட்டல் சாப்பாடு. அதற்கப்புறம் வாடகைக் காரில் பிச்சாவரம் போய்ப் படகில் காட்டைச் சுற்றிப் பார்ப்பது என்று திட்டம். கயல்விழி ஓட்டல் கழிவறையில் மகளுக்கு முழுச் சாப்பாட்டுக்கான ஊசியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். கார்த்திகேசன் இலையில் சாம்பார் விழுவதற்குள் "கெளம்பு கெளம்பு" என்று பறந்தார். நிறைமதி பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டாள். போகட்டும், பையில் பிஸ்கட் இருக்கிறது, குளுக்கோஸ் இருக்கிறது, படகில் கொடுத்துக்கொள்ளலாம் என்று கயல்விழி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பிச்சாவரத்தில் கூட்டம் அலைமோதியது. டிக்கெட் வரிசையின் வாலைப் பார்த்ததுமே கார்த்திகேசன், "இதுல நின்னா நாளைக்குத்தான் படகு" என்றார். அவர் சர்க்கரை ஆலையில் கரும்புப் பிரிவில் வேலை பார்ப்பவர். எந்தக் கரும்புக் கொல்லையை எப்போது வெட்டலாம் என்று கட்டிங் ஆர்டர் போடுகிற மனுஷன். அதனாலேயே எல்லா ஊரிலும் அவருக்கு ஓர் ஆள் உண்டு என்று ஒரு நினைப்பு. பார்த்தால், இங்கேயும் இருந்தார். கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பக்கிரி என்ற மீனவர்.

பக்கிரி ஒரு சின்னப் படகைக் காட்டினார். "நாலு பேருக்கு மேல தாங்காதுங்க. நான் வலையைக் கரையேத்திட்டு அரை மணியில வந்து தள்ளிக்கிட்டுப் போறேன், செத்த நில்லுங்க."

"கோலைக் குடுய்யா, நானே தள்ளிக்கிறேன். இடுப்பளவு தண்ணி. இதுக்கு ஒரு ஆளா?"

"அப்ப இந்தப் பெரிய வாய்க்கால்லயே சுத்திட்டு வந்துருங்க. உள்ளாற போவாதீங்க. வத்தம் முடிஞ்சு ஏத்தம் திரும்பப் போவுது. நேத்து அமாவாச, கடல் தண்ணி ஜாஸ்தியா ஏறும்."

"ஏத்தமாவது, வத்தமாவது! ஆயிரம் ஏக்கர் கரும்புக்குள்ள பூந்து வர்றவன்யா நானு" என்றார் கார்த்திகேசன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று இவருக்குச் சின்ன வயசில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

மணவாளன் எண்பத்தெட்டு கிலோ. அவன் கரையிலேயே நின்றுகொண்டான். கார்த்திகேசன் போன பொங்கலுக்குக் கிணற்றில் ஒரு போனைப் போட்டவர். அதனால், "உப்புத் தண்ணி பட்டா அவ்ளோதான்" என்று எல்லார் போனையும் பிடுங்கி மணவாளனிடம் கொடுத்தார். "பையும் எதுக்கு? எல்லாம் கார்ல கெடக்கட்டும்."

கயல்விழி தன் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இருக்கட்டும்ணா, மடியில வெச்சுக்கிறேன்."

தமிழ்ச்செல்வி சிரித்தாள். "அப்புடி என்னாடி தங்கமா வெச்சிருக்க? எப்பப் பாத்தாலும் கட்டிப்புடிச்சுக்கிட்டே திரியற. குடு பாப்போம்." கை நீண்டது. ஜிப்பில் அவள் விரல் பட்டுவிட்டது.

உள்ளே ஊசி, மருந்துக் குப்பி, விரலில் ரத்தம் பார்க்கிற மெஷின், எல்லாம் இருக்கிறது. கயல்விழி வெடுக்கென்று பையை இழுத்து மணவாளன் கையில் திணித்தாள். அவன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். அரை மணி நேரம்தானே என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

படகு கிளம்பியது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் வேரைக் காலாக ஊன்றித் தண்ணீருக்குமேல் நின்றன. வேரெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஆளிச் சிப்பி ஒட்டியிருந்தது. அந்த வேர்களில் சின்னச் சின்ன நண்டுகள் உட்கார்ந்திருந்தன. நிறைமதி எண்ணிக்கொண்டே வந்தாள். "இருவத்தி மூணு, இருவத்தி நாலு. மாமா, மெதுவா போ மாமா!"

மாமா மெதுவாகப் போகிறவரா? பெரிய வாய்க்காலில் பத்து நிமிஷம் போனதுமே அலுத்துவிட்டது. "உள்ளதான்டா அழகே இருக்கு" என்று ஒரு சந்துக்குள் படகைத் திருப்பினார். தமிழ்ச்செல்வி, "வழி தெரியுமா ஒங்களுக்கு?" என்றாள். அவர் தோளில் கிடந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரு கீற்றுக் கிழித்தார். குனிந்து, திரும்புகிற முனையில் இருந்த வேரில் ஒரு முடிச்சுப் போட்டார்.

"கரும்புக் கொல்லைக்குள்ள இப்புடித்தான். திரும்புற எடத்துல எல்லாம் முழங்கா உயரத்துல தோகையை ஒரு முடிச்சு. மேல கட்டுனா தெரியாது, தோகை மறைச்சுடும். கீழ கட்டணும். இருவத்தி ரெண்டு வருஷத்துல ஒருநாள் வழி தப்பினது கெடையாது."

அப்படி ஏழு திருப்பம், ஏழு முடிச்சு. மரங்கள் மேலே கைகோத்துக்கொண்டன. ஒரு மரத்தைக் காட்டி, "இது தில்லை. இதோட பால் கண்ணுல பட்டா கண்ணே போயிடும், கெளையைத் தொடாதீங்க" என்றார். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். அரை மணி நேரம் எப்போதோ கடந்திருந்தது.

அப்போதுதான் அந்தக் கல்கண்டு விஷயம் நடந்தது. தமிழ்ச்செல்வி அர்ச்சனைத் தட்டிலிருந்த பிரசாதப் பொட்டலத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வாழைப்பழம் இரண்டையும் கார்த்திகேசன் காரிலேயே முடித்துவிட்டார். மீதி கல்கண்டு. "இந்தா மருமவளே" என்று ஒரு கை அள்ளி நீட்டினாள்.

"வேணாம் அண்ணி. பல்லு சொத்தை" என்று கயல்விழி வழக்கம்போல ஆரம்பித்தாள். ஊசி போட்டிருக்கிறோமே, பாதிச் சோறுதான் சாப்பிட்டிருக்கிறாளே, கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாமே என்று அவளுக்கு ஏன் அப்போது தோன்றவில்லை? இரண்டு வருஷத்துப் பழக்கம். புத்தி வேலை செய்வதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

தமிழ்ச்செல்வியின் முகம் சுண்டிவிட்டது. "சாமி பிரசாதத்தை வேணாங்கிறவ நீ ஒருத்திதாண்டி. நான் குடுக்குறது எதுவுமே என் மருமவளுக்கு ஆவறதில்ல." படகின் அடியில் ஊறிய தண்ணீரில் பொட்டலம் நனைய ஆரம்பித்திருந்தது. பிரசாதம் காலில் படக்கூடாது. அவள் பொட்டலத்தைப் பிரித்து, "மீனாவது தின்னட்டும்" என்று தண்ணீரில் கவிழ்த்துவிட்டாள். நிறைமதி எட்டிப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு நிமிஷம் மின்னிவிட்டு எல்லாம் கீழே போய்விட்டது.

"சரி, திரும்பலாம்" என்றார் கார்த்திகேசன்.

திரும்பி முதல் முனைக்கு வந்தார்கள். அது முதல் முனைதானா? முடிச்சைக் காணோம். "அடுத்ததா இருக்கும்" என்றார். அடுத்ததிலும் இல்லை. மூன்று வழி பிரிகிற ஓர் இடத்துக்கு வந்தார்கள். வரும்போது அப்படி ஓர் இடத்தைப் பார்த்த ஞாபகமே யாருக்கும் இல்லை. கார்த்திகேசன் ஒரு வழியில் போனார். அது குறுகிக் குறுகி வந்து வேர்களில் முட்டி நின்றது. பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்து இன்னொரு வழியில் போனார். எல்லா மரமும் ஒரே மரம். எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர். எங்கிருந்தோ தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. தமிழ்ச்செல்வி, "நடராசா!" என்று படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரோ அவுத்துட்டான்" என்றார் கார்த்திகேசன். அவர் குரலில் இருந்த ஜம்பம் எல்லாம் வடிந்துவிட்டிருந்தது. "கட்டுனதை எவனோ அவுத்துட்டான்."

இந்தக் காட்டுக்குள் யார் வந்து அவிழ்த்தது? கயல்விழி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "மணவாளா! பக்கிரீ!" என்று கார்த்திகேசன் கத்தினார். கொக்குகள்தான் எழுந்து பறந்தன.

அப்போது நிறைமதி அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, பல்லு வலிக்குது."

கயல்விழி திரும்பிப் பார்த்தாள். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. முகம் வெளுத்திருந்தது. கைவிரல்கள் நடுங்கின. ஊசி போட்டு இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. மருந்து இப்போதுதான் முழு வேகத்தில் வேலை செய்யும். வயிற்றில் பாதிச் சாப்பாடு. கையில் ஒன்றுமில்லை. ஒரு பிஸ்கட் இல்லை, ஒரு சிட்டிகை சர்க்கரை இல்லை. இருந்த சர்க்கரை மீன் வயிற்றில்.

பயம் என்றால் என்ன என்று கயல்விழிக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. இத்தனை நாள் பயம் என்று நினைத்ததெல்லாம் வெறும் வெட்கம்.

"சொத்தப் பல்லுதானே? உப்புத் தண்ணியில கொப்பளிச்சா போயிடும். சுத்தி உப்புத் தண்ணிதான் கெடக்கு" என்றாள் தமிழ்ச்செல்வி. பயத்தை மறைக்க ஒரு கேலி.

"அண்ணா, சீக்கிரம் போங்கண்ணா" என்றாள் கயல்விழி.

"போறேம்மா. எங்க போறதுன்னுதான் தெரியல."

"அம்மா, பல்லு ரொம்ப வலிக்குது." இந்தத் தடவை குரல் குழறியது. கண் சொருகிச் சொருகித் திறந்தது. சுற்றிலும் சாவுப் பயம் சூழ்ந்த அந்த நேரத்திலும், சொல்லிக்கொடுத்ததை மாற்றாமல் அந்தக் குழந்தை அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னது காதில் கேட்டது. 'மயங்கிட்டா வாயில எதையும் போடக்கூடாதும்மா. முழுங்கத் தெரியாது, மூச்சுல அடைச்சுக்கும். அதுக்கு முன்னாடியே குடுத்துடணும்.' அதற்கு முன்னாடி என்றால் எவ்வளவு நேரம்? பத்து நிமிஷமா, ஐந்தா?

"அண்ணி" என்றாள்.

"என்னா?"

எதிரில் உட்கார்ந்திருந்தவள் நாத்தனார் மட்டுமில்லை. பத்து வருஷத்துக்கு அப்புறம் வரப்போகிற ஒரு கல்யாணம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது. மடியில் குழந்தையின் தலை பாரமாகச் சாய்ந்தது.

"அண்ணி, அவளுக்குப் பல்லெல்லாம் சொத்தை இல்ல. சுகரு. ரெண்டு வருஷமா ஊசி போடறோம். மத்தியானம் ஊசி போட்டேன், அவ சரியா சாப்பிடல. இப்ப சுகர் கீழ எறங்கிடுச்சு. இனிப்பு ஏதாச்சும் உள்ள போவலன்னா என் புள்ள எனக்கு இல்ல. பையைக் கரையில விட்டுட்டேன் அண்ணி. நீங்க பாத்துடுவீங்கன்னு விட்டுட்டேன்."

கார்த்திகேசன் கையில் கோல் அப்படியே நின்றது.

"பாவி!" என்று கத்தினாள் தமிழ்ச்செல்வி. "அடி பாவி! சொல்லியிருந்தா நான் அதைத் தண்ணியில கொட்டியிருப்பேனாடி? கை நெறைய இருந்துதேடி!" தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கை பாதியில் நின்றது. சட்டென்று முந்தானையை இழுத்து நுனியைத் தேடினாள். அங்கே ஒரு முடிச்சு. பிரசாதத்தில் ஒரு துளி எடுத்து ஊரில் இருக்கும் மகனுக்காக முடிந்து வைத்திருந்தாள். அவசரத்தில் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். நான்கு கல்கண்டு. நான்கே நான்கு, பெரிசு பெரிசாக.

"கட்டியா குடுக்கக்கூடாது அண்ணி, அடைச்சுக்கும்."

தமிழ்ச்செல்வி ஒரு கல்கண்டைத் தன் வாயில் போட்டாள். கடைவாயில் நொறுக்கினாள். விரலால் வழித்து, நிறைமதியின் கன்னத்துக்குள் தடவினாள். எச்சில் பார்க்கிற நேரமா அது? "முழுங்குடி தங்கம். அத்தை குடுக்குறேன் பாரு, சப்பு. சப்பிக்கிட்டே முழுங்கு." குழந்தையின் தொண்டை அசைந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதையும் அப்படியே கொடுத்து முடித்தாள்.

"இது எவ்ளோ நேரம் தாங்கும்?"

"தெரியல அண்ணி. அரை மணி. மருந்து இன்னும் வேலை செய்யும். அதுக்குள்ள கரைக்குப் போவணும்."

"ஏங்க, கோலைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, தள்ளுங்களேன்!"

"எங்கடி தள்ளுறது?" கார்த்திகேசன் அழுதுவிட்டார். ஆறடி மனுஷன், மீசைக்காரர், அழுதார். "ஏழு முடிச்சு போட்டேண்டி. ஏழையும் காணோம்டி."

சத்தம் போட்டு அழுகிறவரைப் பார்க்கப் பிடிக்காமல் கயல்விழி முகத்தைத் திருப்பினாள். எதிரில் ஒரு மரம். அதில் நண்டுகள் இருந்தன. வரும்போது வேரில் உட்கார்ந்திருந்த நண்டுகள் இப்போது அடிமரத்தில், அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருந்தன. வேர் எங்கே? வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த சிப்பி எங்கே?

தண்ணீர் ஏறியிருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும், மட்டம் மாறாது என்று நினைத்த பெண்ணாடத்துக் கரும்புக்காரர், முழங்கால் உயரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். எவனும் அவிழ்க்கவில்லை. கடல் வந்து மூடிவிட்டது.

"அண்ணா, முடிச்சு தண்ணிக்குள்ள இருக்கு! முனைக்கு முனை நிறுத்துங்க, நான் தடவிப் பாக்குறேன்."

குழந்தையைத் தமிழ்ச்செல்வியின் மடிக்கு மாற்றினாள். படகின் முன்பக்கம் குப்புறப் படுத்துக்கொண்டு, தோள்வரை தண்ணீருக்குள் கையை விட்டாள். வேர் வேராகத் தடவினாள். சிப்பிகள் பிளேடு மாதிரி விரலைக் கிழித்தன. உப்புத் தண்ணீரில் காயம் திகுதிகுவென்று எரிந்தது. ஏதோ வழவழப்பாக மணிக்கட்டில் உரசிக்கொண்டு போனது. கையை எடுக்கவில்லை. முதல் முனையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. பின்னால் தமிழ்ச்செல்வி விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். "தூங்காத தங்கம். அத்தையைப் பாரு. எத்தினி நண்டு எண்ணின? சொல்லு." பதில் வந்தால் கயல்விழிக்கு மூச்சு வரும். வராவிட்டால் நிற்கும்.

மூன்றாவது முனையில் விரலில் துணி தட்டுப்பட்டது.

"இருக்கு! இங்க இருக்கு!" கத்தியதில் தண்ணீர் வாய்க்குள் போனது. கார்த்திகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோலை ஊன்றினார். ஒரு முடிச்சு கிடைத்ததும் மனுஷனுக்குப் பழைய புத்தி திரும்பியது. "முடிச்சு எப்பவும் சோத்தாங்கைப் பக்கம்தாம்மா போடுவேன். நாம திரும்பிப் போறோம்ல. இப்ப பீச்சாங்கைப் பக்கம் பாரு." அதற்கப்புறம் ஒவ்வொன்றாக அகப்பட்டன. ஒன்று மட்டும் கிடைக்கவே இல்லை. அந்த இடத்தில் தவறான வழியில் போய்த் திரும்பியதில் பத்து நிமிஷம் வீணானது. அந்தப் பத்து நிமிஷத்தில் நிறைமதி இரண்டு தடவை அத்தைக்குப் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு தடவையும் கயல்விழி சாமியைக் கூப்பிடவில்லை. 'நான் மறைக்கமாட்டேன், இனி மறைக்கமாட்டேன்' என்று மட்டும் தண்ணீரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே தடவினாள்.

கடைசி முடிச்சு தாண்டியதும் வெளிச்சம் அகலமாக விரிந்தது. பெரிய வாய்க்கால். எதிரே இன்னொரு படகில் பக்கிரி. அவர் பின்னால், படகை ஒரு பக்கம் சாய்த்தபடி, மணவாளன். அந்தப் பதற்றத்திலும் கைப்பையைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தான்.

"எடுங்க வெளிய!" என்று கயல்விழி அலறினாள்.

அவன் அக்காவைப் பார்த்துத் தயங்கினான்.

"எடுடா!" என்று தமிழ்ச்செல்வியும் அலறினாள்.

மெஷின் ஐம்பத்தொன்று காட்டியது. கல்கண்டு உள்ளே போயும் ஐம்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்து நிறைமதி கண்ணைத் திறந்து, "நாப்பத்தி ஒண்ணு" என்றாள். நண்டுக் கணக்கு. கயல்விழி அப்போதுதான் அழுதாள். பக்கிரி கார்த்திகேசனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கரைக்கு வந்ததும் டாக்டருக்குப் போன் போட்டார்கள். பிஸ்கட் கொடுத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் கிள்ளையில் ஒரு கடை முன்னால் தமிழ்ச்செல்வி காரை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய் இரண்டு குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி வந்தாள். ஒன்றைக் கயல்விழியிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்கு வந்தா வேணும்ல?" என்றாள். அதற்கப்புறம் சன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. மணவாளன் கார்த்திகேசனின் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். எப்போதும் கிளம்பும்போது தமிழ்ச்செல்வி குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "வரட்டா மருமவளே" என்பாள். ஒன்பது வருஷமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இன்றைக்கும் கன்னத்தைத் தடவினாள். கிள்ளவில்லை. மெதுவாகத் தடவினாள்.

"வரட்டா பாப்பா" என்றாள்.

கயல்விழிக்குச் சுருக்கென்றது. நிறைமதிகூட நிமிர்ந்து பார்த்தாள். தமிழ்ச்செல்விக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கயல்விழியின் கிழிந்த விரல்களை ஒருமுறை பிடித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினாள். இரண்டு வருஷமாகக் கயல்விழி எந்த வார்த்தைக்காக ஊரை ஏமாற்றினாளோ, அந்த வார்த்தை ஒரு சாயங்காலத்தில் போய்விட்டது. பயந்தது வீண் பயம் இல்லை. ஆனால் எச்சிலை வழித்து ஊட்டியதும் அதே மனுஷிதான். இதில் யாரை வைவது?

பஸ் போயிற்று. கூட்டம் முட்டித் தள்ளிக்கொண்டு போனது. நிறைமதி அம்மாவின் கையை இழுத்தாள். கயல்விழி பழக்கதோஷத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "பல்லு வலிக்குதா?" என்று கேட்டாள்.

குழந்தை சுற்றிலும் பார்த்தாள். சுண்டல்காரர், கண்டக்டர்கள், பஸ்ஸுக்கு நிற்கிற நூறு பேர். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

"இல்லம்மா. சுகர் எறங்குற மாதிரி இருக்கு" என்றாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற சத்தத்தில் சொன்னாள்.

நாலைந்து தலைகள் திரும்பின. கயல்விழி அவளைச் சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்தாள். பையைத் திறந்து எல்லாவற்றையும் பெஞ்சின்மேல் பரப்பினாள். முந்தானையை மறைப்பாகப் பிடிக்காமல் விரலில் குத்தினாள். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தாள். "அய்யோ, இம்மாம் சின்னப் புள்ளைக்கா? எத்தினிம்மா காட்டுது?"

"எழுபத்தி ரெண்டு" என்றாள் கயல்விழி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.